தமிழ்நாட்டின் அரசுச் சின்னங்கள்: எவை, ஏன், அதனால் என்ன கிடைத்தது?

குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், பாடநூலின் முன்பக்கம் என்று எதை எடுத்தாலும் கோபுரமும் சிங்கங்களும் கொண்ட அந்த வட்ட முத்திரை கண்ணில் படும். அது தமிழ்நாடு அரசின் இலச்சினை என்பது எல்லோருக்கும் தெரியும். அதே அரசுக்கு ஒரு விலங்கு, ஒரு பறவை, ஒரு பூ, ஒரு மரம் என்று வேறு சின்னங்களும் உண்டு என்பது போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தெரியும். வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனை, பலா, தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி, பரதநாட்டியம், கபடி, தமிழ்த்தாய் வாழ்த்து. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

மனப்பாடத்தோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு கேள்விகள் விடுபட்டுப்போகும். இவற்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? தேர்ந்தெடுத்ததால் அந்த ஆட்டுக்கும் அந்த மரத்துக்கும் என்ன கிடைத்தது? இரண்டாவது கேள்வியைத்தான் நாம் அதிகம் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதை மனதில் வைத்தே எழுதப்படுகிறது.

சட்டத்தில் இவற்றின் இடம்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் மாநில விலங்கு, மாநில மரம் பற்றியெல்லாம் ஒரு வரிகூடக் கிடையாது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைப் பட்டியலிடும் பிரிவு, தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிக்கச் சொல்கிறது. மாநிலச் சின்னங்களைப் பற்றிப் பேசவில்லை. ஆட்சிமொழிக்கு மட்டும் நிலைமை வேறு. ஒரு மாநிலம் தன் ஆட்சிமொழியைச் சட்டம் இயற்றித் தேர்ந்தெடுத்துக்கொள்ள 345-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதன்படி 1956-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் இங்கே ஆட்சிமொழி ஆனது.

மற்ற சின்னங்களை அறிவிப்பது நிர்வாக முடிவு. துறையிலிருந்து அரசாணை வெளியாகும். சட்டமன்றத்தில் மசோதாவும் வாக்கெடுப்பும் தேவையில்லை. இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. ஓர் உயிரினத்தை மாநிலச் சின்னம் என்று அறிவித்த மாத்திரத்தில் அதற்கு எந்தப் பாதுகாப்பும் வந்துவிடாது. அதை வேட்டையாடுபவரையோ வெட்டுபவரையோ தண்டிக்க வேறொரு சட்டம் வேண்டும். சில சின்னங்களுக்கு அப்படியொரு சட்டம் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இவற்றின் நிலை ஒன்றல்ல.

கோபுரமும் சிங்கங்களும்

முத்திரையிலிருந்து தொடங்குவோம். இது 'தமிழ்நாடு' என்ற அதிகாரப்பூர்வப் பெயரைவிட மூத்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக்காலத்தில் பணி தொடங்கி, 1949-ல், சென்னை மாகாணமாக இருந்தபோதே நடைமுறைக்கு வந்துவிட்டது. வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ்.

முத்திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் இருப்பது சாரநாத்தில் கிடைத்த அசோகர் தூணின் தலைப்பகுதி. அந்தச் சிற்பத்தில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நேராகப் பார்ப்பவருக்கு மூன்றுதான் தெரியும். சிங்கங்களின் காலடிப் பட்டையில் நடுவே அறச்சக்கரம், ஒரு பக்கம் காளை, மறுபக்கம் குதிரை. இருபுறமும் தேசியக் கொடி. பின்னால் நிலை நிலையாக உயரும் கோபுரம். சுற்றி ஓடும் வட்டத்தில் மேலே 'தமிழ்நாடு அரசு', கீழே 'வாய்மையே வெல்லும்'. இந்திய ஒன்றியத்தின் அடையாளம் முன்னால், இந்த மண்ணின் அடையாளம் பின்னால் என்று இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான் ஓவியரின் திறமை.

அந்தக் கோபுரம் எந்த ஊருடையது என்பதில் நெடுநாளாக இரண்டு கருத்துகள் இருக்கின்றன. பொது அறிவு நூல்கள் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே சொல்லும். 11 நிலைகளோடு 192 அடி உயரம் நிற்கும் அந்த ராஜகோபுரத்தை வைக்கலாம் என்ற யோசனையைத் தந்தவர் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. என்றும் சொல்லப்படுகிறது. வரைந்த கிருஷ்ணாராவோ, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகவே சொன்னார். அது 9 நிலைக் கோபுரம். கையில் தூரிகை பிடித்தவரின் சொல்லுக்குத்தான் கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற விடை ஊர் முழுக்க வேரூன்றிவிட்டது. தேர்வு எழுதப் போகிறவர்கள் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மதச்சார்பற்ற அரசின் முத்திரையில் கோயில் கோபுரம் ஏன் என்ற கேள்வியும் உண்டு. கோபுரம் இங்கே வழிபாட்டின் அடையாளமாக வைக்கப்படவில்லை, தமிழரின் கட்டடக்கலை அடையாளமாக வைக்கப்பட்டது என்பதுதான் அதற்குத் தரப்படும் பதில். கட்சிகளின் நம்பிக்கைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபட்டாலும், ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் அந்தக் கோபுரத்தை எடுக்கவில்லை.

எழுத்து மட்டும் மாறியது. தேசியச் சின்னத்தின் கீழ் இருக்கும் 'சத்யமேவ ஜயதே' முண்டக உபநிடதத்திலிருந்து வந்த தொடர். 1967-ல் அண்ணா தலைமையில் ஆட்சி அமைந்த பிறகு மாநில முத்திரையில் அது 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில் வந்தது. அதே ஆண்டு ஜூலை 18 அன்று மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று.

முத்திரைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் முறையற்ற பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம், மத்திய அரசின் சின்னத்தோடு மாநில அரசுகளின் பெயர், சின்னம், அலுவல் முத்திரை ஆகியவற்றையும் பட்டியலிட்டிருக்கிறது. வணிகப் பெயர்ப்பலகையிலோ விளம்பரத்திலோ அனுமதியில்லாமல் இதைப் போடக்கூடாது. கோபுர முத்திரை போட்ட தாள் கையில் வந்தால் நாம் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையை யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தடை.

நீராருங் கடலுடுத்த

பள்ளியில் படித்த ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடல் வாயில் இருக்கும். பொருள் சொல்லச் சொன்னால் பலர் தயங்குவார்கள். பாடலின் உள்ளே ஓர் அழகான ஓவியம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பாடினால் பாடும் விதமே மாறிவிடும்.

நிலத்தைப் பெண்ணாகப் பார்க்கிறார் கவிஞர். நீர் நிறைந்த கடல் அவள் உடுத்திய ஆடை. அழகு ததும்பும் அவள் முகம் பாரத கண்டம். அந்த முகத்தில் பிறை போன்ற நெற்றி தக்காணம். நெற்றியில் இட்ட மணமுள்ள திலகம் திராவிடத் திருநாடு. திலகத்தின் வாசனை எங்கும் பரவுவதுபோல எல்லாத் திசையிலும் புகழ் மணக்க வீற்றிருப்பவள் தமிழணங்கு. உலகம் முழுவதிலிருந்து தொடங்கி, படிப்படியாக நெருங்கி வந்து ஒரு பொட்டில் நின்று, அங்கிருந்து மறுபடி உலகத்துக்கே விரிகிறது பார்வை. சில அடிகளுக்குள் இவ்வளவு பெரிய பயணம்.

எழுதியவர் பெ. சுந்தரம் பிள்ளை. ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1891-ல் வெளியான அவருடைய 'மனோன்மணீயம்' என்ற கவிதை நாடகத்தின் தொடக்க வாழ்த்திலிருந்து எடுக்கப்பட்ட பாடல் இது. மூலத்தில் உள்ள சில அடிகளை விட்டுவிட்டு, அரசு விழாக்களில் பாடுவதற்கான வடிவம் 1970-ல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது ஏற்கப்பட்டது. மோகன ராகத்தில் இசையமைத்தவர் எம்.எஸ். விஸ்வநாதன்.

அரை நூற்றாண்டாகப் பாடப்பட்டும் இதற்கு 'மாநிலப் பாடல்' என்ற தகுதி முறையாகத் தரப்படவில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாடல் ஒலிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று எந்த அரசாணையும் இல்லை என்று சுட்டிக்காட்டியது. அதே மாதம் 17-ஆம் தேதி அரசாணை வந்தது: தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடல், 55 விநாடிகளில் பாட வேண்டும், பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. தேசிய கீதத்தைப் பாடவிடாமல் தடுப்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மாநிலப் பாடலுக்குப் பின்னால் இருப்பது அரசாணை. அரசாணையால் புதிதாக ஒரு குற்றத்தை உருவாக்க முடியாது. நாம் எழுந்து நிற்பது தமிழ்மீது உள்ள மரியாதையால்தான், அப்படி இருப்பதே சரி என்று நினைக்கிறேன்.

புதுச்சேரிக்குப் போனால் வேறு தமிழ்த்தாய் வாழ்த்தைக் கேட்பீர்கள். அங்கே பாரதிதாசனின் 'வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே'.

கொடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டுக்கென்று அதிகாரப்பூர்வக் கொடி இல்லை. 1970-ல் கருணாநிதி ஒரு மாதிரியை வெளியிட்டார். ஒரு மூலையில் தேசியக் கொடியும் இன்னொரு மூலையில் கோபுர முத்திரையும் இருந்தன. அது அதோடு நின்றது. 2018-ல் கர்நாடகம் தனக்கென ஒரு கொடியை வடிவமைத்தது. தனி அரசியலமைப்பின்படி கொடி வைத்திருந்த ஜம்மு காஷ்மீரும் 2019-ல் அதை இழந்தது.

உயிருள்ள சின்னங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மனப்போக்கு இருக்கிறது. குஜராத் ஆசியச் சிங்கத்தை எடுத்துக்கொண்டது. அந்தச் சிங்கம் காட்டில் இயற்கையாக வாழும் இடம் இன்று உலகத்தில் அது ஒன்றுதான். அசாம் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தை எடுத்ததும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான்; அவற்றில் பெரும்பகுதி வாழ்வது அங்கேதான். தெலங்கானாவின் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2014-ல் தனி மாநிலம் ஆனதும் பனங்காடையைப் பறவையாகவும் வன்னியை மரமாகவும் ஆவாரம்பூவைப் பூவாகவும் அறிவித்தார்கள். தசராவன்று பனங்காடையைப் பார்ப்பதும் வன்னி மரத்தை வணங்குவதும் அங்கே வழக்கம். அதையொட்டி வரும் பதுகம்மா திருவிழாவில் பெண்கள் அடுக்கும் பூக்களில் ஆவாரம்பூ முக்கியமானது. ஒரே திருவிழாக் காலத்திலிருந்து மூன்று சின்னங்களையும் எடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பட்டியலில் தெரிவது நிலம். மலை முகட்டில் வரையாடு, காட்டுத் தரையில் மரகதப்புறா, குறிஞ்சியிலிருந்து வேலியோரம்வரை செங்காந்தள், வறண்ட சமவெளியிலும் கடற்கரை மணலிலும் பனை. யானையும் புலியும் இங்கே இருந்தும் அவற்றை எடுக்கவில்லை. சங்கப் பாடல்களில் பெயரோடு வாழ்ந்த உயிர்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

வரையாடு

செங்குத்தான பாறை. கீழே ஆயிரம் அடிப் பள்ளம். அதன் விளிம்பில் ஓர் ஆடு நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்குத்தான் வயிறு கலங்கும். குளம்பின் விளிம்பு கெட்டியாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருப்பதால் வழுக்கும் பாறையிலும் பிடி கிடைக்கிறது. இருபாலுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. வயதான கிடாக்களுக்கு உடல் கருத்து, முதுகில் சேணம் போட்டதுபோல வெளிர்நிறப் பட்டை விழும். மந்தை மேயும்போது ஏதாவது ஒன்று தலை நிமிர்த்திக் காவல் பார்க்கும்; ஆபத்து தெரிந்தால் சீழ்க்கை போல ஒரு ஒலி.

பெயரில் ஆடு இருந்தாலும் உறவில் இது செம்மறிக்கு நெருக்கம். 2005-ல் நடந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு, இமயமலைத் தார் ஆட்டின் பேரினத்திலிருந்து பிரித்து இதற்குத் தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே இது வாழ்கிறது. சங்கப் பாடல்கள் இதை வருடை என்று அழைக்கும். ஐங்குறுநூறு 'குறுங்கால் வருடை' என்று அதன் குட்டைக் கால்களைக்கூடக் கவனித்திருக்கிறது.

இதன் வீடு சோலைக்காட்டை ஒட்டிய மலைப் புல்வெளி. மரமில்லாத அந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்த காலத்தில் சீகை, தைலம், பைன் போன்ற அயல் மரங்களை அங்கே நட்டார்கள். தேயிலை வந்தது, அணைகள் வந்தன. ஒரே தொடராக இருந்த வாழிடம் துண்டு துண்டானது. ஒரு குன்றிலுள்ள மந்தை அடுத்த குன்றிலுள்ள மந்தையைச் சந்திக்க வழியில்லாமல் போனது. சிறு கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் நோய் எதிர்ப்பு குறையும். ஒரு நோயோ ஒரு காட்டுத்தீயோ அந்த மந்தையையே அழித்துவிடலாம்.

வேட்டையிலிருந்து இதைக் காப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமான இடத்தில் வரையாடு இருக்கிறது. மாநில விலங்கு என்ற பட்டத்தால் வந்த பாதுகாப்பு இல்லை இது. பட்டத்துக்குப் பொருள் கொடுத்தது அண்மையில்தான்: தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்து 2023 அக்டோபரில் தொடங்கியது. இந்த ஆடுகளை 1975-லேயே முன்னோடியாக ஆய்வு செய்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாள் ஆனது. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பது, ஆடுகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி நடமாட்டத்தைக் கண்காணிப்பது, ஒரே நேரத்தில் எல்லா மலைகளிலும் கணக்கெடுப்பது ஆகியவை திட்டத்தில் அடக்கம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் பதிவாயின, 2025-ல் 1,303. எண்ணும் முறை சீரானதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றாலும், நல்ல செய்திதான்.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையின் 9-ஆவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் இவை அடிக்கடி தென்படும். வண்டியை விட்டு இறங்கி எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். சாலையோரத் தீனிக்குப் பழகிய ஆடு பாறையை மறந்துவிடும்.

மரகதப்புறாவும் தமிழ் மறவனும்

மரகதப்புறா நகரத்து மாடப்புறாவைப் போலக் கூட்டமாக வராது. அடர்ந்த காட்டுக்குள் தனியாகவோ இணையாகவோ தரையில் நடந்து, உதிர்ந்த விதையும் பழமும் பொறுக்கும். ஆள் அரவம் கேட்டால் தாழ்வாக, மரங்களுக்கிடையே விருட்டென்று பறந்து மறையும். இறக்கை பளபளக்கும் பச்சை, மார்பு ஊதா கலந்த பழுப்பு, அலகு சிவப்பு. ஆணுக்கு நெற்றி வெண்மையாக இருக்கும். இந்தியாவின் பல பகுதிகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவியிருக்கும் பறவை என்பதால் இதை நமக்கே உரியது என்று சொல்ல முடியாது.

வண்ணத்துப்பூச்சி பட்டியலில் சேர்ந்தது 2019-ல். அதற்கு முன்பே, 2015-ல், மாநில வண்ணத்துப்பூச்சி என்ற வழக்கத்தை மகாராஷ்டிரம் தொடங்கிவைத்திருந்தது. தமிழ் மறவனின் இறக்கை ஆரஞ்சு நிறம், ஓரங்களில் கரும்பழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. ஈர மண்ணில் கூட்டமாக வந்து அமரும். இதன் புழு தின்பது நீரடிமுத்து வகை மரங்களின் இலையை. பூச்சியைக் காக்க நினைத்தால் முதலில் அந்த மரத்தைக் காக்க வேண்டும்.

பலா, கபடி, பரதநாட்டியம் மூன்றையும் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டிப் பலாவைச் சுவைத்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. 2018-ல் கேரளமும் பலாவையே மாநிலப் பழமாக அறிவித்தது. சடுகுடு என்று ஊர்த் திடலில் ஆடிய ஆட்டம் கபடியாக 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்குப் போனது. பரதத்தைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சதிர் என்ற பெயரில் தேவதாசிப் பெண்களும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலை அது. இன்றும் கச்சேரியில் பின்பற்றப்படும் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையைச் சீர்படுத்தியவர்கள் தஞ்சை நால்வர் என்று அறியப்படும் 19-ஆம் நூற்றாண்டின் நான்கு சகோதரர்கள். மாநில நடனம் என்று சொல்லும்போது அந்தப் பெண்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

செங்காந்தள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோரம் திடீரென்று நெருப்பு பற்றியதுபோலத் தெரிந்தால் அது செங்காந்தள். இதழ்கள் ஆறு. மொட்டு விரியும்போது பச்சை, பிறகு அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நிற்க, ஆறு மகரந்தக் கம்பிகளும் பக்கவாட்டில் விரிந்திருக்கும். கொடி ஏறுவதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு அடுத்த செடியைப் பிடித்துக்கொள்ளும்.

சங்கப் புலவர்களுக்கு இந்தப் பூவின்மேல் தனிக் காதல். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொல்லும் 99 பூக்களில் முதலாவது 'ஒண்செங் காந்தள்'. குறுந்தொகையின் முதல் பாட்டு முருகனின் குன்றத்தைக் 'குருதிப் பூவின் குலைக் காந்தட்டே' என்று முடிக்கிறது. பெண்களின் விரல்களுக்கு உவமை என்றால் காந்தள்தான் வரும். ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே.

ஊர்ப்புறத்தில் இதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கிழங்கிலிருந்து விதைவரை முழுச் செடியும் நஞ்சு. தின்றால் உயிர் போகும். கை மருந்து என்று யார் சொன்னாலும் வாயில் வைக்கக் கூடாது. அதே நஞ்சில் உள்ள கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைப் பிரித்து, அளவோடு, கீல்வாத நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் இது பணப்பயிர். அங்கே வயலில் ஒரு வேலை நடக்கும், பார்த்தால் வியப்பாக இருக்கும். பூவின் சூல்தண்டு நேராக நீளாமல் பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் மகரந்தம் தானாக அதில் விழுவது கடினம். எனவே காலையில் ஆட்கள் வரிசையாக நடந்து, பூப்பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டுவைப்பார்கள். விதை பிடிப்பது அந்தக் கைகளைப் பொறுத்தது.

காட்டில் இருக்கும் செங்காந்தளின் கதை வேறு. நட்டு வளர்க்கக் கிழங்கு வேண்டும், கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டிவிட்டால் கொடி அதோடு போயிற்று. மாநில மலர் என்ற பெயர் அதைத் தடுக்கவில்லை.

பனை

1978-ல் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது பனை. பட்டியலில் மற்ற எதைவிடவும் மக்களின் அன்றாடத்தோடு கலந்தது இதுதான். ஆண்பனை, பெண்பனை என்று தனித்தனி மரங்கள். நுங்கும் பனம்பழமும் தருவது பெண்பனை. பதநீர் இரண்டிலும் இறக்கலாம். பழம் விழுந்த கொட்டையைப் புதைத்தால் பனங்கிழங்கு. ஓலையில் கூரை, பெட்டி, விசிறி. நம் பழைய இலக்கியங்கள் நம் கைக்கு வந்துசேர்ந்ததே பனையோலைச் சுவடிகள் வழியாகத்தான். சுவடி சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப்போகும், அதற்குள் இன்னொருவர் புது ஓலையில் படி எடுக்க வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பதநீர் இறக்குவது எளிய வேலை இல்லை. பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறி, பாளையின் நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். சீவாமல் ஒரு வேளை விட்டாலும் சுரப்பு அடைபடும். கீழே கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இனிப்பான பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். கள் இறக்க தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது. மாநில மரத்தின் ஒரு வருமானத்தை அரசே மூடிவைத்திருப்பது சரியா என்று பனையேறிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள், அந்தக் கேள்விக்கு நேர்மையான விவாதம் நடக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டம் கிடைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பனைகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. வீட்டுமனைக்காகவும் சாலைக்காகவும் சாய்த்தார்கள், செங்கல் சூளைக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். பனை மெதுவாக வளரும் மரம். இன்று விதைத்தால் பலன் கண்ணுக்குத் தெரிய பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அதனால் வெட்டிய இடத்தில் திரும்ப நடுவதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தாக்கலான மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கைதான் இதைக் கையிலெடுத்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும், தவிர்க்க முடியாத நிலையில் பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று அதில் அறிவிக்கப்பட்டது.

உங்கள் ஊரில் ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ பனையைச் சாய்க்க இயந்திரம் வந்து நின்றால், ஆட்சியரின் அனுமதி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எழுத்து மூலம் கேட்டுவையுங்கள். மரத்தின் இடத்தையும் நாளையும் குறிப்பிட்டுப் படத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது. விதைக்க விரும்புபவர்கள் ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டையைச் சேகரித்து, மழை தொடங்குமுன் நீர்நிலைக் கரையில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டால் போதும். அதன் பிறகு ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.